ஐயாவின் செலவு நோட்டும் மணிப்பூர் ரோடும்

எங்கள் வீட்டில் யாராவது தட்டில் சோற்றை மிச்சம் வைத்தால் ஒரு கதை வரும். "உங்க ஐயா ரங்கூன்லேருந்து நடந்தே ஊருக்கு வந்தவரு. வழியில ஒரு பிடி சோத்துக்கு என்ன பாடுபட்டாரு தெரியுமா?" என்று அப்பா ஆரம்பிப்பார். எங்கள் பக்கம் அப்பாவின் அப்பாவை ஐயா என்போம். சிவகங்கைச் சீமையில், பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் குடியேறிய ஒரு பர்மா காலனியில் வளர்ந்தவள் நான். அங்கே பக்கத்து வீட்டுத் தாத்தாவும் நடந்தவர், எதிர்வீட்டுப் பாட்டியும் நடந்தவர். அதனால் அந்த நடை எனக்கு அதிசயமாகவே படவில்லை. ஆறாம் வகுப்பில் ஆசியா வரைபடத்தை விரித்த அன்றுதான் முதல் சந்தேகம் வந்தது. ரங்கூனிலிருந்து சிவகங்கைக்கு நடப்பதா?

அந்தச் சந்தேகம் தீர முப்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. நடுவில் நான் செய்த தப்புகள் கொஞ்சநஞ்சமல்ல. பர்மா, மலேயா, இலங்கை என்று ஏதாவது ஒரு கப்பல் கதை இல்லாத வீடு தென்மாவட்டங்களில் குறைவு. அந்தக் கதையைத் தேடிப் போக நினைப்பவர்களுக்கு உதவட்டும் என்று தப்புகளையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதல் தப்பு, கேட்ட விதம். ஐயா 1988-ல் இறந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. கேட்க வேண்டும் என்ற புத்தி வந்தபோது அப்பத்தா மட்டும்தான் இருந்தார். "அப்பத்தா, பர்மாவப் பத்திச் சொல்லுங்க" என்று ஒரு நோட்டும் பேனாவுமாக எதிரில் உட்கார்ந்தேன். "என்னத்தச் சொல்ல, நல்லா இருந்தோம், வந்துட்டோம்" என்று எழுந்து போய்விட்டார். இப்படியே நாலைந்து முறை. ஒருநாள் சட்னிக்கு அரைத்துக்கொண்டிருந்தவரிடம், "அங்க அம்மி கெடைக்குமா?" என்று சும்மா கேட்டேன். ஒரு மணி நேரம் பேசினார். கப்பலில் அம்மிக்குழவியைச் சேலையில் சுற்றிக்கொண்டு போனது, பெகுவில் ஙாப்பி என்ற புளித்த மீன் விழுதின் நாற்றம் தாங்காமல் முதல் வாரம் சாப்பிடாமல் கிடந்தது, ஆறாம் மாதம் அதே ஙாப்பி இல்லாமல் குழம்பு இறங்காதது எல்லாம் வந்தது.

பக்கத்து வீட்டுத் தாத்தாவிடமும் அப்படித்தான். 1942-ல் ஜப்பான் படையெடுத்தபோது, ஒன்பது வயதில் பர்மாவிலிருந்து நடந்து வந்தவர். குண்டு, ஜப்பான்காரன் என்று கேட்டால் சினிமாவில் வருகிற மாதிரி ஏதோ சொல்வார். "செருப்பு இருந்துச்சா தாத்தா?" என்று கேட்டபோது குனிந்து தன் பாதத்தைப் பார்த்தார். அரிசிச் சாக்கைக் கிழித்து அவர் அம்மா காலில் சுற்றிக் கயிற்றால் கட்டிவிடுவாராம். இரண்டு நாளில் சாக்கு நைந்துவிடும். புதுச் சாக்கு எங்கே கிடைக்கும் என்று கேட்டேன். "வழியில படுத்துக் கெடக்குறவங்க தலைமாட்டுல இருக்கும்ல" என்றார். அதற்கு மேல் அன்றைக்கு நானும் கேட்கவில்லை.

அதனால் வரலாற்றைக் கேட்காதீர்கள். செருப்பு, தண்ணீர், அடுப்பு, கக்கூஸ், யார் எதைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள் என்று கேளுங்கள்.

அடுத்தது ஊர்ப் பெயர்கள். ஐயா வாயில் வந்தபடி அப்பா சொன்ன பெயர்களை எழுதி வைத்திருந்தேன்: பைகோ, மோனியா, கலாவா, தம்மு, பல்லால். அதன் பிறகு "மணிப்பூர் ரோடு". பைகோ என்பது பெகு, இப்போது பாகோ என்கிறார்கள். மோனியா, மோன்யுவா. கலாவா, சிந்த்வின் ஆற்றங்கரைக் கலேவா. தம்மு, எல்லையில் இருக்கும் தாமு. பல்லால், மணிப்பூரில் இருக்கும் பாலேல். இவ்வளவையும் பழைய வரைபடம் ஒன்றை வைத்துக் கண்டுபிடித்துவிட்டேன். மணிப்பூர் ரோட்டை மட்டும் நான் தேடவே இல்லை. அதில் என்ன தேட இருக்கிறது, மணிப்பூருக்குப் போகிற ரோடு, அவ்வளவுதானே என்று நினைத்தேன். "மணிப்பூர் ரோட்டுல ஏறுனோம்" என்று ஐயா சொன்னதை, ரோட்டில் ஏறி நடந்தார் என்றுதான் வீட்டில் எல்லோரும் புரிந்துகொண்டிருந்தோம்.

மணிப்பூர் ரோடு ஒரு ரயில் நிலையம். நாகாலாந்தில் இருக்கும் திமாப்பூருக்கு அந்தக் காலத்தில் ரயில்வே வைத்திருந்த பெயர். ஐயா அங்கே ஏறியது ரயிலில். அந்த ஒரு சொல் சரியான அன்று மொத்தக் கதையும் கலைந்து வேறு மாதிரி அடுக்கிக்கொண்டது. பெகுவிலிருந்து மாண்டலே வரை ரயில். அங்கிருந்து மோன்யுவா. சிந்த்வினில் படகில் கலேவா. கலேவாவிலிருந்து கபாவ் பள்ளத்தாக்கு வழியாகத் தாமு, மலையேறிப் பாலேல். இது மட்டும்தான் நடை, சுமார் 200 கிலோமீட்டர். பாலேலில் லாரி கிடைத்தது. அதில் இம்பால், பிறகு மணிப்பூர் ரோடு, கல்கத்தா, மதராஸ்.

கண்டுபிடித்த சந்தோஷத்தில் நேரே அப்பாவிடம் போய், "நீங்க சொன்னது தப்புப்பா, ஐயா எரநூறு கிலோமீட்டர்தான் நடந்திருக்காரு" என்றேன். இது இரண்டாவது தப்பு, பெரிய தப்பு. அந்த "தான்" என்ற சொல்லுக்காக அப்பா நாலு மாதம் என்னிடம் சரியாகப் பேசவில்லை. அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. நான் அந்த 200 கிலோமீட்டரை அளந்து பார்த்தேனே தவிர, நினைத்துப் பார்க்கவில்லை. பங்குனி, சித்திரை வெயில், காலரா, குடிக்கக் குட்டைத் தண்ணீர். வைகாசியில் மழை பிடித்த பிறகு அதே வழியில் வந்தவர்கள் பாடு இன்னும் மோசம்.

தேதிகளைக் கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். பெரியவர்கள் ஆங்கில வருடம் சொன்னால் பாதி தப்பாக இருக்கும். தமிழ் வருஷம் சொன்னால் அநேகமாகச் சரியாக இருக்கும். அறுபது பெயர்ச் சுற்று 1927 சித்திரையில் பிரபவவில் தொடங்கியது. அங்கிருந்து விரல் விட்டால் 1941 சித்திரையில் விஷு, 1942-ல் சித்திரபானு, 1964-ல் குரோதி. தை முதல் பங்குனி வரையுள்ள மாதங்களுக்கு ஆங்கில வருடம் ஒன்று கூடிவிடும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. "விஷு வருஷம் மார்கழியில குண்டு போட்டான்" என்பார் எதிர்வீட்டுப் பாட்டி. ரங்கூன்மேல் ஜப்பான் விமானங்கள் முதல் குண்டு போட்டது 1941 டிசம்பர் 23. அச்சு மாறாமல் பொருந்துகிறது.

ஐயா ஏன் அங்கே போனார் என்ற கேள்விக்கு வீட்டில் இருந்த பதில், "பஞ்சம் பிழைக்க". அது பொய் இல்லை. ஆனால் பஞ்சம் பிழைக்கப் போகிறவன் ஏன் கிழக்கே கடலைத் தாண்டி அந்த ஊருக்குப் போக வேண்டும்? அந்தக் கதவைத் திறந்து வைத்தது யார் என்று போனால் 1824-ல் போய் நிற்க வேண்டியிருக்கிறது. ஆங்கிலேயர்கள் பர்மாவை மூன்று போரில் பிடித்தார்கள்: 1824, 1852, 1885. முதல் போரில் ரங்கூனில் இறங்கிய படையில் மதராஸ் ராணுவத்துச் சிப்பாய்கள் ஏராளம். கூலியாகப் போவதற்கு முன்னால் நம் ஆட்கள் அங்கே துப்பாக்கியோடுதான் போனார்கள் என்பதை நம் கதைகளில் யாரும் சொல்வதில்லை. கேட்கச் சங்கடமாக இருக்கும் என்பதால் இருக்கலாம்.

இரண்டாவது போரோடு ஐராவதி டெல்டா கைக்கு வந்தது. 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்தபின் அந்த அரிசிக்கு ஐரோப்பாவில் கிராக்கி. காட்டை வெட்டிக் கழனியாக்கப் பணம் வேண்டும். செட்டியார்கள் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போனார்கள். அறுவடைக்கு, ஆலைக்கு, துறைமுகத்துக்கு ஆள் வேண்டும். தெலுங்கரும் தமிழரும் கப்பல் டெக்கில் குந்தியபடி போனார்கள். பர்மா அப்போது பிரிட்டிஷ் இந்தியாவில் ஒரு மாகாணம். எல்லையும் இல்லை, பாஸ்போர்ட்டும் இல்லை. 1931 கணக்கெடுப்பில் பர்மாவில் இந்தியர்கள் சுமார் 10 லட்சம். ரங்கூன் நகரத்தில் பாதிக்கு மேல் இந்தியர்களே.

ஐயா 1934-ல், பதினாறு வயதில், பெகுவில் ஒரு செட்டியார் கடைக்குச் சமையலுக்குப் போனார். கடை என்றால் வட்டிக்கடை. மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன், அவர்களுக்கு ஆக்கிப்போட ஒரு ஆள். அவர் போன நேரம் சரியில்லை. உலகமெங்கும் மந்தம், நெல் விலை விழுந்துவிட்டது. கடன் வாங்கிய பர்மிய விவசாயி கட்ட முடியாமல் நிலத்தை விட்டான். 1930-ல் கீழ்ப் பர்மா நெல் நிலத்தில் சுமார் 6 சதவீதம் செட்டியார்களிடம் இருந்தது. அந்தப் பத்து வருடம் முடிவதற்குள் 25 சதவீதம் ஆகிவிட்டது. அவர்கள் நிலம் வாங்கவா கடல் தாண்டினார்கள்? அவர்களுக்கு வேண்டியது பணம், வந்து சேர்ந்தது மண். பர்மியன் பக்கம் நின்று பார்த்தால் அந்த விளக்கம் எதற்கு ஆகும்? பிறந்த மண்ணில் அவன் குத்தகைக்காரன். 1930-லும் 1938-லும் இந்தியர்கள்மேல் கலவரம் வெடித்தது. 1938-ல் ஐயா நெல் குதிருக்குள் ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தாராம். நடுவில் 1937 ஏப்ரல் 1 அன்று பர்மாவை இந்தியாவிலிருந்து பிரித்துவிட்டார்கள். காலையில் எழுந்து அடுப்பு மூட்டியவர், தெரியாமலேயே வெளிநாட்டுக்காரர் ஆகியிருந்தார்.

1939-ல் ஐயாவின் தம்பியும் அங்கே போனார். சின்ன ஐயா என்று சொல்வோம், நாங்கள் யாரும் பார்த்ததில்லை. போர்ச் சமயத்தில் பிரிந்துபோனவர், மேல் பர்மாவில் ஒரு பர்மாக்காரியைக் கட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டார் என்பது வீட்டுக் கதை. அப்பாவுக்கு அதில் முழு நம்பிக்கை. "எனக்கு அங்க தம்பி தங்கச்சிக இருக்காக" என்று சொல்லிக்கொண்டே இருப்பார்.

ஆவணக் காப்பகம் பக்கம் வருகிறேன். சென்னை எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. தில்லி தேசிய ஆவணக் காப்பகத்தின் அபிலேக் படல் தளத்தில் வீட்டிலிருந்தே தேடலாம். தேடும்போது பழைய பெயர்களைப் போடுங்கள்: பாகோ என்றால் வராது, பெகு என்றால் வரும். அகதி என்பதற்கு அன்றைய ஆபீஸ் சொல் "எவாக்குயீ". வெளிநாட்டு இந்தியர்களுக்கென்று 1941-ல் தனித் துறை வைத்தார்கள், அதன் கோப்புகளைத் தேடுங்கள். உங்கள் தாத்தா பெயர் மட்டும் கிடைக்கும் என்று நினைத்துப் போகாதீர்கள். எனக்குக் கிடைக்கவில்லை. டெக் பயணிகளும் கூலிகளும் அந்தத் தாள்களில் எண்ணிக்கையாகத்தான் வருகிறார்கள்.

ஆனால் பெயர் இல்லாத அந்தக் கோப்புகளைப் படித்ததும் வீட்டுக் கதையில் ஒரு முடிச்சு அவிழ்ந்தது. "முதலாளி கப்பல்ல போயிட்டாரு, ஐயாவுக்குக் கப்பல் கெடைக்கல" என்று விதியைச் சொல்வதுபோலச் சொல்வார்கள். விதி இல்லை அது. துறைமுகம் ஓட ஆள் வேண்டும் என்பதற்காக, குண்டு விழுந்ததும் வடக்கே ப்ரோம் என்ற ஊர்ப் பக்கம் நடக்கத் தொடங்கிய தொழிலாளர்களை வழிமறித்துத் திருப்பினார்கள். கப்பல் இருந்தது, யாருக்கு டிக்கெட் என்பதில் வரிசை இருந்தது. மலைவழியிலும் வெள்ளைக்காரர்களுக்கும் ஆங்கிலோ இந்தியர்களுக்கும் கிடைத்த வசதி மற்றவர்களுக்குக் கிடைக்கவில்லை. 1942 ஏப்ரல் கடைசியில் அலகாபாத்தில் கூடிய அகில இந்திய காங்கிரஸ் கமிட்டி இந்தப் பாகுபாட்டைக் கண்டித்துத் தீர்மானமே போட்டது. ரங்கூன் மார்ச் 8 அன்று விழுந்தது. தரைவழியாக வந்து சேர்ந்தவர்கள் நாலு லட்சத்துக்கும் மேல். வழியில் செத்தவர்களை யாரும் எண்ணவில்லை.

வீட்டில் இருக்கும் காகிதங்களைப் பற்றி அழாத குறையாக ஒன்று சொல்கிறேன். ஐயாவின் எஃப்.ஆர்.சி., அதாவது பர்மா அரசு வெளிநாட்டவர்களுக்குக் கொடுத்த பதிவுச் சான்று, மடிப்பு மடிப்பாக நைந்திருந்தது. பத்திரப்படுத்துகிறேன் பேர்வழி என்று லேமினேஷன் கடையில் கொடுத்தேன். சூட்டில் பழைய மையெல்லாம் பரவி, வருடாவருடம் குத்திய முத்திரைகள் ஊதாக் கறையாகிவிட்டன. கடைக்காரப் பையனைச் சொல்லிக் குற்றமில்லை, கொடுத்தது நான். பழைய காகிதத்தை லேமினேட் செய்யாதீர்கள், செல்லோடேப் ஒட்டாதீர்கள். முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் பகல் வெளிச்சத்தில் படமெடுத்துவிட்டு, மடிப்பைப் பிரித்துத் தட்டையாக வையுங்கள். பின்பக்கம்தான் முக்கியம், பென்சில் குறிப்பெல்லாம் அங்கேதான் இருக்கும்.

காகிதம் கிடைக்கிற இடமும் நினைத்தபடி இருக்காது. அப்பத்தா 2004-ல் இறந்த பிறகு அஞ்சறைப் பெட்டியைக் கழுவ எடுத்தோம். கிண்ணங்களுக்கு அடியில் மஞ்சள் படிந்த தாள் ஒன்று. எடுத்துப் பார்த்தால் பர்மாவின் நூறு கியாட் நோட்டு. 1962-ல் பர்மாவின் ராணுவத் தளபதி நீ வின் ஆட்சியைப் பிடித்தார். 1964 மார்ச்சில் கடைகளை அரசுடைமையாக்கினார்கள். மே 17 அன்று ஐம்பது, நூறு கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். போருக்குப் பின் திரும்பிப் போய் ஐயா வைத்திருந்த சின்னச் சாப்பாட்டுக் கடை, அந்த இரண்டு மாதத்தில் முடிந்தது. 1965-ல் ஐந்து பேராக மதராஸில் இறங்கினார்கள். செல்லாத நோட்டை அப்பத்தா எதற்காகக் கடல் தாண்டிக் கொண்டுவந்தார், அதை ஏன் மசாலாவுக்கு அடியில் போட்டார் என்று கேட்க ஆள் இல்லை.

அப்படித் திரும்பியவர்களுக்காக ஊருக்கு ஊர் பர்மா காலனிகள், 1969-ல் தொடங்கிய ரெப்கோ வங்கி, சென்னை பீச் ஸ்டேஷன் எதிரே பர்மா பஜார் என்று ஒரு தனி உலகமே உண்டானது. அது எல்லோருக்கும் தெரிந்த கதை. அத்தோ என்ற பர்மா நூடுல்ஸைச் சாப்பிடாத சென்னைக்காரர் உண்டா?

2017-ல் அப்பாவையும் கூட்டிக்கொண்டு, மணிப்பூரில் பர்மா எல்லையோரம் இருக்கும் மோரேவுக்குப் போனேன். இம்பாலிலிருந்து 110 கிலோமீட்டர். வழியில் பாலேல் வந்ததும் வண்டியை நிறுத்தச் சொன்னார் அப்பா. இறங்கி ரோட்டோரம் ஒரு நிமிஷம் நின்றார், டீ குடித்தார், ஏறிக்கொண்டார். அந்த டீயோடு என்மேல் இருந்த கோபம் கொஞ்சம் இறங்கியது என்று நினைக்கிறேன். மோரேயில் தமிழ்ச் சங்கம் இருக்கிறது, அங்காளபரமேசுவரி கோவில் இருக்கிறது, காலையில் இட்லி கிடைக்கிறது. அறுபதுகளில் திருப்பி அனுப்பப்பட்டவர்களில் சிலர், தமிழ்நாட்டில் ஒட்ட முடியாமல், மறுபடி பர்மாவுக்கே போய்விடலாம் என்று இவ்வளவு தூரம் வந்தார்கள். தாமுவில் உள்ளே விடவில்லை. திரும்பிப் போகவும் மனசில்லாமல் எல்லையிலேயே ஊர் கட்டிக்கொண்டார்கள். 2023 கலவரத்துக்குப் பிறகு அந்த ஊர் பட்ட பாடு தனிக் கதை.

அங்கே வயதானவர்களாகப் பார்த்து அப்பா ஒவ்வொருவரிடமும் தன் சித்தப்பாவான சின்ன ஐயாவின் பெயரைச் சொல்லி விசாரித்தார். யாருக்கும் தெரியவில்லை. மறுநாள் எல்லைக் கேட்டில் ஒருநாள் அனுமதி வாங்கித் தாமுவுக்கும் போனோம். சந்தையில் ஒரு பர்மியப் பெரியவரை அப்பா கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். ஜாடை சித்தப்பா மாதிரியாம். அவர் சித்தப்பாவைப் போட்டோவில்கூடப் பார்த்ததில்லை.

இப்போது நோட்டு. ஐயாவின் டிரங்குப் பெட்டியில் பழைய செலவு நோட்டு ஒன்று இருந்தது எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். சமையல் செலவு: அரிசி, பருப்பு, விறகு. இதில் என்ன இருக்கப்போகிறது என்று கடைசி வரை தொடவில்லை. மூன்றாவது தப்பு. ஊர் திரும்பியதும் எடுத்துப் பார்த்தபோது அது பெகுவில் நிற்கவில்லை என்று தெரிந்தது. வழியெல்லாம் எழுதியிருக்கிறார். எட்டு வருடப் பழக்கம் கையை விடவில்லை போல. மாசி மாதம் பெகுவிலிருந்து ரயில். மாண்டலேயில் நாள் கணக்கில் காத்திருப்பு. பங்குனி 21 பக்கத்தில் தேதி மட்டும், கீழே ஒன்றும் இல்லை. 1942 ஏப்ரல் 3, பெரிய வெள்ளி, மாண்டலே குண்டில் எரிந்த நாள். சித்திரை 1 அன்று புதுப் பக்கம் எடுத்து, மேலே நடுவில் பிள்ளையார் சுழி போட்டு, "சித்திரபானு வருஷம்" என்று எழுதியிருக்கிறார். கலேவா கரையில் உட்கார்ந்து எழுதியிருக்க வேண்டும்.

ஒன்று மட்டும் புரியவில்லை. ஒவ்வொரு நாள் செலவுக்கும் முன்னால் "பேர்" என்று எழுதிப் பக்கத்தில் ஒரு பிள்ளையார் சுழி. பெகுவில் இருந்தவரை அந்த இடத்தில் வேறு ஏதோ கிறுக்கல். பயத்தில் நாளுக்கொரு சுழி போட்டுச் சாமியைக் கும்பிட்டிருக்கிறார் என்று எனக்கே ஒரு விளக்கம் வைத்துக்கொண்டேன். கண்ணில் நீர்கூட வந்தது.

காரைக்குடிப் பக்கம் ஒரு பழைய கணக்கப்பிள்ளையிடம் நோட்டைக் காட்டினேன். எண்பது தாண்டியவர். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு இரண்டு பக்கம் புரட்டினார். "சுழியா? இது சுழி இல்லம்மா. எண்ணு." பெகு பக்கங்களில் இருந்த கிறுக்கல் ௰௨, பன்னிரண்டு. கடையில் பன்னிரண்டு பேருக்குச் சமையல். வழியில் வருவது ௨, இரண்டு. தமிழ் எண்ணில் இரண்டும் பிள்ளையார் சுழியும் ஒரே அச்சு, தேதிக்குப் போடும் குறிகூட அப்படித்தான் இருக்கும். எங்கே நிற்கிறது என்பதை வைத்துத்தான் பிரித்தறிய வேண்டும் என்றார். ஒன்று என்றால் ௧, பார்க்கக் "க" மாதிரி இருக்கும். பழைய கணக்கு, பத்திரம் எதையாவது கையில் எடுப்பவர்கள் முதலில் இந்தப் பத்து எண்ணையும் ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அரைநாள் வேலை. நான் அதைச் செய்யாமல் இருபது வருடம் சுற்றியிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து முதலிலிருந்து படித்தேன். சித்திரை 1, பேர் ௨. சித்திரை 4, பேர் ௨, அவல், வெல்லம். சித்திரை 8, பேர் ௨, சோற்றுக் கணக்கு இல்லை, எலுமிச்சம்பழம் மட்டும். சித்திரை 9, எலுமிச்சம்பழம். சித்திரை 10, பேர் ௨, செலவு ஒன்றும் இல்லை. சித்திரை 11 அன்று புது வேட்டி ஒன்று, மூன்று ரூபாய். யாரோ ஒரு ஜவுளிக்காரர் மூட்டையோடு அந்தக் காட்டு வழியில் வந்திருக்கிறார். மூன்று ரூபாய் அன்றைக்குப் பெரிய காசு, அத்தனை நாள் செலவையும் கூட்டினாலும் அவ்வளவு வரவில்லை. சித்திரை 12, பேர் ௧. அதிலிருந்து பாலேல், இம்பால், மணிப்பூர் ரோடு, கல்கத்தா, எல்லாம் பேர் ௧. ஆனி மாதம் ஊர் வந்து சேர்ந்த அன்று வண்டிக்கூலி எட்டணா, பேர் ௧.

ஊரில் அப்போது ஐயாவின் அம்மா உயிரோடு இருந்தார். சின்ன மகன் எங்கே என்று கேட்டிருப்பார். பர்மாக்காரியைக் கட்டிக்கொண்ட கதை அன்றைக்குத்தான் பிறந்திருக்க வேண்டும்.

நோட்டில் கடைசியாக எழுதப்பட்ட பக்கம் 1947-ல். கல்யாணமாகி ஐயாவும் அப்பத்தாவும் கிளம்பியது: மதராஸ் – ரங்கூன் டெக் டிக்கெட், பேர் ௨. அதற்குப் பிறகு வெறும் தாள்.

போன தையில் அப்பா அந்த நோட்டைக் கேட்டார். அவருக்கு இப்போது கண் மங்கல். மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பக்கமாக விரலால் தடவிப் பார்த்தார். சித்திரபானு வருஷப் பக்கம் வந்ததும் விரல் நின்றது.

"நாளு தவறாம புள்ளையார் சுழி போட்டிருக்காருல்லத்தா?" என்றார்.

"ஆமாப்பா" என்றேன்.